மன்னிக்கிற ஸ்பீக்கர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் தோற்கவில்லை. நாங்கள் என்றால் நானும் அப்பாவும். அம்மா வேறு மாதிரி சொல்வாள். அவளிடம் கேட்காதீர்கள்.

அப்பா பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் இயந்திரத்தை விட்டுக் குடைந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ராக் இசை கேட்பார்.

"அதே சத்தத்தை கிளினிக்லயே கேட்டு முடிச்சுட்டு வந்துடலாமே?" என்பாள் அம்மா.

இதற்கு என்னிடம் பல்கலைக்கழகத்தில் கைதட்டல் வாங்கிய பதில் இருக்கிறது. வீட்டில்தான் யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் ஆல்பங்கள் மோசமான பதிவுகள், உண்மைதான். காசில்லாத நாலு கோபக்காரர்கள் கார் ஷெட்டில் ஒற்றை மைக்கை வைத்துப் பதிந்தவை. பாடகர் தகர டப்பாவுக்குள்ளிருந்து கத்துவார். டிரம்மர் சிம்பலைத் தட்டினால் சமையலறையில் தட்டு அடுக்கு சரிந்த மாதிரி இருக்கும். அதனால் என்ன? கோபத்தை ஏ.சி. அறையில் உட்கார்ந்தா பதிவு செய்ய முடியும்?

ஒரு காலை அப்பா டீக் கோப்பையை டொக்கென்று வைத்தார்.

"இந்த வீட்டுக்குப் புது ஸ்பீக்கர் வருது!"

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, வாய் மூடாம," என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

கடைக்காரர் முதலில் காட்டியது கடையிலேயே உசத்தியான ஜோடி. அப்பாவின் பாட்டைப் போட்டார். டிரம்மரின் ஸ்டூல் கிறீச்சிட்டது வரை கேட்டது. அப்பாவின் முகம், அவருடைய கிளினிக் நாற்காலியில் அவரே படுத்த மாதிரி ஆகிவிட்டது.

"உண்மையை அப்படியே சொல்லும் சார் இது."

"உண்மை சொல்ல எனக்கு வீட்ல ஆள் இருக்காங்க. எனக்கு மன்னிக்கிற ஸ்பீக்கர் வேணும்."

கடைக்காரர் கல்யாணமானவர். உடனே புரிந்துகொண்டார். மூலையிலிருந்து இடுப்பு உயர ஜோடி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீச்சென்று குத்தாது, அடியில் கதகதப்பு. அதே பாட்டில் பாடகர் தகர டப்பாவை விட்டு வெளியே வந்து அப்பாவின் தோளில் கை போட்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்ல வெச்சுக் கேட்டுப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்கலாம்," என்று அனுப்பிவைத்தார் கடைக்காரர்.

வீட்டில்தான் வினை. அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் ஹாலில் ஜன்னலோரம்தான் நிற்கும். ஜன்னலோரத்தில் அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. அம்மா ஆபீஸ்களுக்குத் திரைச்சீலை தைப்பவள். அந்த வெளிச்சம்தான் அவள் பிழைப்பு.

"மிஷினைப் பின்னாடி பால்கனிக்கு மாத்திடலாம், வாஷிங் மெஷின் பக்கத்துல," என்றார் அப்பா. "ரெண்டும் மெஷின்தானே? பேசிட்டிருக்கும்."

அம்மா என்னிடம் திரும்பினாள். "பெண்கள் உழைப்பைப் பத்திக் கட்டுரை எழுதினியேடி?"

"கட்டுரை வேற, ஸ்பீக்கர் வேறம்மா."

"சரி. அப்ப போட்டி வெச்சுக்கலாம்," என்றாள். "பழைய ஸ்பீக்கர்ல ஒரு தடவை, புதுசுல ஒரு தடவை, ஒரே பாட்டு. புதுசு ஜெயிச்சா மிஷினை நானே தூக்கிட்டுப் போறேன். பழசு ஜெயிச்சா புதுசு கடைக்குத் திரும்பணும். மிஷினைப் பத்தி அப்புறம் பேச்சே கூடாது."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பழைய ஸ்பீக்கரைக் கேட்டால் பல் கூசும். சொல்வது பல் டாக்டர்.

விதிகளை நான் வகுத்தேன். "எது பாடுதுன்னு அப்பா பார்க்கக் கூடாது. நடுவுல திரை கட்டணும். அதுதான் விஞ்ஞானம்."

"திரையா?" அம்மா யோசித்தாள். "பார்க்கறேன். ஏதாவது துணி இருக்கும்."

மறுநாள் ஹாலின் குறுக்கே தரை தொடத் திரை தொங்கியது. பின்னால் அம்மா. முன்னால் அப்பா, தீர்ப்பு சொல்லப் போகிற நீதிபதி மாதிரி. சத்த அளவு சமமா என்று நானே சரிபார்த்தேன்.

முதல் ஜோடி பாடியது. அப்பா முகம் சுளித்தார். "ஐயே! பாடறவன் கம்பளி போத்திட்டுக் காய்ச்சல்ல கிடக்கான்!"

இரண்டாவது ஜோடி பாடியது. அப்பா எழுந்தே விட்டார். "இதுதான்! குத்தல, கூசல, ஒவ்வொரு வார்த்தையும் தேன்! இதுதாம்மா மன்னிக்கிற ஸ்பீக்கர்! மிஷினைத் தூக்கு!"

அம்மா திரையை விலக்கினாள். பாடிக்கொண்டிருந்தது பழசு.

"செல்லாது!" என்று கத்தினேன். துணியைத் தொட்டுப் பார்த்தேன். கனத்தது. "என்ன துணி இது?"

"பேங்க் மீட்டிங் ரூமுக்குத் தைச்சது. மூணு அடுக்கு. உள்ள எவ்வளவு உரைச்சாலும் வெளிய உறைக்காது." அம்மா நிதானமாக மடித்தாள். "கீச்சு சத்தத்தைக் குடிச்சுடும். பழசுல கீச்சு ஜாஸ்தி, அளவா ஆயிடுச்சு. புதுசுல இருந்ததே கொஞ்சம், அதுவும் போச்சு."

"ஏமாத்திட்டே!" என்றார் அப்பா.

"திரை கேட்டது உங்க வக்கீல்ங்க."

உரைக்கிற ஸ்பீக்கருக்கு உறை தைத்துக் கொடுத்தாள், அதே துணியில், ஓரத்தில் அழகாகக் குஞ்சம் வைத்து. ராக் இசைக்குக் குஞ்சம்! நான் எதிர்ப்பைப் பதிவு செய்தேன். பதிவு மோசம் என்றாள்.

புது ஜோடியை எடுத்துப்போக வந்த கடைக்காரர் உறை போட்ட பழசைக் கேட்டார். தன் கடை முழுவதற்கும் திரை தைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பெரிய ஆர்டர். ஒரு மிஷின் போதாது. இரண்டாவது மிஷின் வந்தது, ஹாலில் பழைய ஸ்பீக்கர் இருந்த இடத்துக்கு.

ஆக, இசை இப்போது பால்கனியில். நாங்கள் தோற்கவில்லை. திறந்த வானம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, குஞ்சம் வைத்த ராக். கட்டுப்பாடே கிடையாது. நேற்று அப்பா கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி என்னிடம் கத்தினார்: "கேட்டியா இந்த டிரம்ஸை? என்ன வேகம்! என்ன கோபம்! உறை போட்ட பிறகுதான் இதெல்லாம் வெளிய வருது!"

"ஆமாப்பா!" என்று நானும் தலையை ஆட்டினேன்.

அம்மா கூடையோடு எங்களைத் தாண்டிப் போய்க் குனிந்தாள். "பாட்டு அப்பவே முடிஞ்சுடுச்சுங்க. அது துணி பிழியுது."