மூன்று விரலும் எங்கள் வலையும்

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு வரி எழுதினால் அடுத்த வரி எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. எழுதியதை மறந்து திரும்பவும் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கதையை என் மகன் கனடாவில் விருந்துக்கு விருந்து ஒவ்வொரு விதமாகச் சொல்கிறான். போன முறை சொன்னபோது கடற்படை வந்துதான் என்னை விடுவித்ததாம். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். பிறத்தியார் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். கடைக்குப் போனால் சீனி மூட்டையை விரலால் காட்டுவேன். (கடைக்காரர் உப்பை நிறுத்துத் தந்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்படியும் நடந்திருக்கிறது.)

எங்கள் ஊர் அனலைதீவு. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு வருடம், எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ. கடற்படைக்காரர் ஆழக்கடலுக்குப் போக விடமாட்டார்கள். எனவே எல்லாத் தீவுக்காரரும் கரையோரக் கடலிலேயே வலை போட்டார்கள். கடல்தான் எத்தனை பேருக்குக் கொடுக்கும்? ஓரா மீனும் ஒட்டி மீனும் குஞ்சு குஞ்சாக வரத் தொடங்கின. இப்படியே போனால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது என்று தீவுகளின் கடற்றொழிலாளர் சங்கங்கள் எல்லாம் ஊர்காவற்றுறையில் ஒன்றாகக் கூடின. மீன்குஞ்சு வளருகிற மாதங்களில் மூன்று விரல் நுழையாத வலையை எவரும் கடலில் இறக்கக் கூடாது என்று சட்டம் போடுவதுதான் பேச்சு.

என் மனிசன் அந்தக் கூட்டத்துக்குப் போனார். நான் பல்லுக்கு மருந்து எடுக்க அதே வள்ளத்தில் போனேன். திரும்பிப் போகவும் அதே வள்ளம்தான் என்பதால், சங்க மண்டபத்தின் பின்வாசலில் தாடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

இவருக்கு அன்று காலையிலிருந்தே வலையைப் பற்றித்தான் யோசனை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வலை. மழைக்காலம் முழுக்க இருந்து நான் பின்னியது. அது கூடாது என்று சொல்லிவிட்டால் அந்த மாதங்கள் முழுவதும் எங்கள் அடுப்புக்கு லீவுதான். அளந்து பார்ப்பதற்காக அன்று ஆட்கள் கொண்டுவந்த வலைகளை, எது எவருடையது என்று தெரியாதபடி ஒரே குவியலாகப் போட்டிருந்தார்கள். எங்களுடையதும் அதற்குள் கிடந்தது.

மூன்று விரல் என்பதில் சண்டையில்லை. எவருடைய மூன்று விரல் என்பதில்தான் சண்டை.

நெடுந்தீவுப் பெரியதம்பி அண்ணை தன் கையை உயர்த்தினார். ஒவ்வொரு விரலும் ஒரு மொந்தன் வாழைக்காய். "இதுதான் தொழில் செய்யிற கை. இதை வைச்சு அளவுங்கோ."

மண்டைதீவுக்காரர் ஒருவர் எழும்பினார். "உம்மட விரல் போற வலைக்குள்ளால நானே போய் வருவன். அப்ப என்னத்தைப் பிடிக்கிறது?"

கூட்டத் தலைவர் ஓர் அடிமட்டத்தை எடுத்தார். "இதாலை அளப்பமே?"

"அடிமட்டம் கடலுக்கு வாறதோ?" என்று நாலு பக்கமும் சத்தம். அவர் அதைத் திரும்ப மேசைக்குள் வைத்தார்.

அப்போதுதான் இவர் எழும்பினார். "பெரிய கையும் வேண்டாம், சின்னக் கையும் வேண்டாம். ஒரு பொம்பிளையின்ர கையை வைச்சு அளவுங்கோ. அதுதான் நடுவான கை. பின்னுக்கு என்ர மனிசி இருக்கிறா. வேணுமெண்டால் கூப்பிடுறன்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கு மட்டும் உச்சி குளிர்ந்தது. வலை பின்னும்போது, கண் என்கிற ஓட்டையின் அளவுக்கு மற்றவர்கள் மூங்கில் சீவல் வைப்பார்கள். நான் சோம்பேறி. என் மூன்று விரலையே வைத்துப் பின்னியிருந்தேன். அது இவருக்குத் தெரியும். தீவுகள் முழுவதற்கும் சட்டமாகப் போவது என் விரல். அந்த விரலுக்கென்றே தைத்த சட்டை போல எங்கள் வலை!

"இஞ்சேரும், வாரும். வாயைத் திறக்க வேண்டாம், விரலை மட்டும் விடும்" என்று இவர் காதுக்குள் சொன்னார். வாய் திறக்காத வேலை என்றதால் போனேன்.

தலைவர் ஒவ்வொரு வலையாக நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு மூன்று விரலையும் சேர்த்து விட்டேன். சிலதில் போனது, சிலதில் போகவில்லை. பிறகு எங்கள் வலை வந்தது. என் முடிச்சு எனக்குத் தெரியாதா? விரலை விட்டேன். கொஞ்சம் இறுக்கம். அழுத்தினேன். விரல் மூட்டு மொளி தாண்டிப் போய்விட்டது.

"போயிட்டுது!" என்று இவர் என்னை முந்திச் சொன்னார்.

"சரி, எடும் பிள்ளை" என்றார் தலைவர்.

எடுத்தேன். வரவில்லை.

கடலில் ஊறி ஊறி முடிச்செல்லாம் இறுகிப் போயிருந்ததை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவேயில்லை. இழுக்க இழுக்க நைலோன் நூல் மொளிக்குக் கீழே வெட்டியது. நான் சிரித்தேன். (பல்லும் குத்துகிறது, விரலும் குத்துகிறது, அதற்குள் சிரிப்பு. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே பயம்.) கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தேன். பின்னால் வலையும் சரசரவென்று வந்தது.

"என்ன பிள்ளை, நோகுதோ?"

இல்லை என்று தலையாட்டினேன். விரல் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. "போனது போனதுதான், சட்டத்தில வாறதைப் பற்றிக் கதையில்லை" என்று ஒரு பக்கம். "போய் வந்தால்தான் கணக்கு" என்று மறு பக்கம். அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போனது. நான் நடுவில் வலையோடு நின்றேன். எவரோ எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்ட, இடக்கையால் வாங்கிக் குடித்தேன்.

எங்கள் ஊர் முதலாளி ஐயாவும் அங்கே இருந்தார். தெற்கே கடை வைத்திருந்து, எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிய ஊருக்கு வந்தவர். பொழுது போவதற்காக இறங்குதுறையில் தூண்டில் போடுகிறவர். தூண்டில்காரருக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "உள்ள போய், வெளிய வர ஏலாமல் நிண்டால், அதுக்குத்தானே மீன் பிடிபட்டது எண்டு சொல்லுறது?"

மண்டபம் சிரித்து ஓய வெகு நேரம் எடுத்தது. பெரியதம்பி அண்ணை என் கையைப் பார்த்துவிட்டு, "பகிடி போதும், பிள்ளையின்ர விரல் போகப்போகுது" என்று இடுப்புக் கத்தியை எடுத்தார்.

கத்தியைக் கண்டதும் எனக்கு விரல் மறந்து போயிற்று. மழைக்காலம் முழுக்க இருந்து பின்னிய வலை!

"வெட்டாதேங்கோ!" என்று கத்தினேன். "இது எங்கட வலை! என்ர விரலை வைச்சு நான் பின்னினது!"

பொது இடத்தில் நான் முதன்முதல் பேசிய பேச்சு அதுதான். நல்ல தெளிவாகவும் பேசிவிட்டேன்.

இவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை. பிறகு வந்த சிரிப்புக்கு முன்னால் முந்தின சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை. தலைவருக்கு மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது.

"நடுவான கை!" என்று மண்டைதீவுக்காரர் இவருடைய முதுகில் தட்டினார். "அண்ணை, உம்மைப் போல நடுவான மனிசனை நான் கண்டதேயில்லை."

ஒரே ஒரு கண்ணை மட்டும் வெட்டி என்னை எடுத்தார்கள். முழு வலையிலும் சட்டப்படி சரியான கண் அந்த ஒன்றுதான். விரல் போகவும் வேண்டும், தானாக வரவும் வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். எங்கள் வலை அந்த மாதங்கள் முழுவதும் வேலியில் தொங்கியது.

திரும்பி வரும்போது வள்ளத்தில் இவர் ஒரு பக்கமும் நான் மறு பக்கமும் பார்த்துக்கொண்டு இருந்தோம். முதலாளி ஐயாதான் பாவம் பார்த்தார். "தம்பி, பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு ஒரு சட்டமும் போடேல்லை. நாளைக்கு வந்து எனக்குப் பக்கத்தில இரும்."

அடுத்த நாளிலிருந்து இவர் பொழுதுபோக்கினார். விடிய முன்னம் போய் இருட்டத்தான் வருவார். அப்படி வியர்க்க வியர்க்கப் பொழுதுபோக்கின மனிதரை நான் கண்டதில்லை. அடுத்த கூட்டத்தில் அதற்கும் சட்டம் வந்தது: ஒரு வீட்டுச் சட்டிக்கு மேல் பிடித்தால் அது பொழுதுபோக்கில்லை, தொழில். இவர் எழும்பி, "எங்கட சட்டி பெரிசு" என்றாராம். நான் போகவில்லை. போவேனா?

அந்தக் கட்டுப்பாட்டால் மீன் பெருத்ததா என்று கேட்பீர்கள். பெருத்தது என்றுதான் இவர் கண் மூடும்வரை சொன்னார். முழுதாகப் பார்க்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் சண்டை திரும்ப வந்து கடலையே பூட்டிவிட்டார்கள்.

இங்கே கனடாவில் முதல் பனிக்காலத்தில் மகன் கையுறை வாங்க என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் விரலை நுழைக்கப் போக, கடை நிறைய ஆட்கள் நிற்க, அவன் கத்தினான்: "அம்மா, பொறுங்கோ! போறது பெரிசில்லை, வருமோ எண்டு முதல் பாருங்கோ!" இப்போது மருமகளும் அதையே சொல்கிறாள், நான் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தாலும்.

ஒரு உதவி. வாழைக்காய் விரல்காரர் நெடுந்தீவா புங்குடுதீவா என்று எனக்கு இப்போது ஐமிச்சமாக இருக்கிறது. சட்டம் மூன்று விரலா, இரண்டரை என்று பிறகு இறக்கினார்களா, அதுவும் நினைவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர் எவராவது இதை வாசித்தால் பிழையைத் திருத்தி விடுங்கள். கடற்படை வரவில்லை என்பதையும் ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்தால் மகனுக்குக் காட்டலாம்.