மத்தியதரைக் கடல் நாசி லெமாக்

வாசகரே, இன்று நாம் பார்க்கப்போகும் இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஈடுகட்டி'. மருத்துவர் எதைச் சாப்பிடச் சொன்னாலும், அதற்கு ஈடாகத் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொந்த ஊரிலேயே கண்டுபிடித்துவிடுவது இதன் பிறவிக் குணம். மலேசியாவின் தைப்பிங்கில் என் பக்கத்து வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் பாக் தர்மிசி; மலாயில் 'பாக்' என்றால் நம் 'ஐயா' மாதிரி.

சர்க்கரை ஏறிப்போன அவரிடம் மருத்துவர், மத்தியதரைக் கடல் பக்கத்து மக்களைப் போலச் சாப்பிடுங்கள், அதற்காக ஆலிவும் சால்மனும் தேடி அலையவேண்டாம், உள்ளூரில் கிடைப்பதை வைத்தே செய்யுங்கள், மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஊசிதான் என்றார். சிறுவயதில் பள்ளிக்குத் தடுப்பூசி போட வந்தவர்களைப் பார்த்து ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொண்ட மனிதர் இவர். ஊசி பயம் இன்றும் இறங்கவில்லை. ஆனாலும் காதில் விழுந்தது என்னவோ 'உள்ளூரில் கிடைப்பது' மட்டும்தான்.

மறுநாள் காலை சாலையோர ஒட்டுக்கடையில், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றின் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாடம் நடத்தினார்.

"அவங்க தானியம் சாப்பிடுறாங்களா, இதோ சோறு. அவங்களுக்கு ஆலிவ் எண்ணெய், நமக்குத் தேங்காப்பால். அவங்களுக்கு மீனு, நமக்கு நெத்திலி. கொட்டைக்குக் கடலை."

"காய்கறி, பாக்?"

"ரெண்டு துண்டு வெள்ளரிக்கா கண்ணுக்குத் தெரியலையா? நாசி லெமாக்கும் அதுவும் ஒண்ணுதான் தம்பி, கடல்தான் வேற."

நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

மருத்துவர் தினமும் நடக்கவும் சொல்லியிருந்தாரே? நடைக்கு ஈடாக மோட்டார்சைக்கிளை மெதுவாக ஓட்டினார்.

அவர் மனைவி மாக் சிக் ரோபியாவுக்கும் சர்க்கரைதான், அதே அறிவுரைதான். அந்த அம்மாள் வேலியோரத்து வல்லாரையைப் பச்சையாகப் பறித்து வைத்து, கெம்போங் மீனைச் சுட்டு, சோற்றைப் பாதியாகக் குறைத்து, கணவருக்கும் ஒரு தட்டு போட்டார்.

"இது ஆட்டுக்குப் போடுறது, ரோபி."

"ஆட்டுக்குச் சக்கரை இல்லையே, அபாங்."

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் மனைவிக்கு இறங்கியிருந்தது, கணவருக்கு ஏறியிருந்தது. மிஸ்ஸி, அதாவது எங்கள் ஊர்ச் செவிலியர், ஊசியோடு வந்து நின்றார். பாக் தர்மிசி ஜன்னல் வழியே மரம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார்.

"மிஸ்ஸி, இதுக்கு ஈடா வேற எதுவும் இல்லையா?"

"இருக்கே, பாக் சிக். வயித்துல வலது பக்கம் வேணாம்னா, அதுக்கு ஈடா இடது பக்கம் குத்துறேன்."

சிரிக்கிறீர்கள். சிரிப்பதும் ஒரு உடற்பயிற்சிதானே, இன்றைக்கு நடை வேண்டாம் என்று இப்போது உங்கள் மனத்தில் ஓடியதா? அப்படியானால் சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கள். மிஸ்ஸி காத்திருக்கிறார்.