எங்கள் வீட்டில் மட்டும் வரும் பிழை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான், உன் மாப்பிள்ளை, மாமனார், பாப்பா நால்வரும் நலம். நீ நலமாக இருக்கலாமா என்பதை இந்தக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன்.

நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து எழுதி, உலகத்துக்கே இலவசமாக விட்டிருக்கிறீர்களே, கணினியில் தட்டச்சு செய்கிற எடிட்டர் மென்பொருள், அதில் நான் கண்டுபிடித்துச் சொன்ன பிழையைச் சரிசெய்யாமலே, புகாரை மூன்றாவது முறையாக மூடிவிட்டாய். காரணம், "எங்களிடம் வரவில்லை." எப்படி வரும்? பதினொரு மாதப் பிள்ளை மடியில் உட்கார்ந்து, ஃபைல் சேவ் ஆகிற அந்த ஒரு நொடியில் ஏழு பட்டன்களைச் சேர்த்து உள்ளங்கையால் அறைந்தால்தான் வரும். உடனே ஃபைல் வெள்ளை. உள்ளே ஓர் எழுத்து இருக்காது. என் வேலை விண்ணப்பம் இரண்டு முறை இப்படித்தான் போனது. உங்கள் குழுவில் பத்தொன்பது பேர், ஒருத்தர் வீட்டிலாவது கைக்குழந்தை உண்டா? எல்லாரும் பூனை வளர்க்கிறீர்கள்.

நீ கேட்டபடி வீடியோ எடுக்கத்தான் பார்த்தேன். போனைத் தூக்கினதும் மகராசி கையைக் கட்டிக்கிட்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவ மாதிரி உட்கார்ந்துட்டா. போனைக் கீழே வெச்சதும் பளார்! சரி, பெரியவங்களை வெச்சே செஞ்சு காட்டலாம்னா, உன் மாப்பிள்ளை கை முறம் மாதிரி, ஒரே அடியில பதினாலு பட்டன் அமுங்குது. மாமனாரைக் கேட்டேன். முப்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். "ஒரு விரலுக்கு ஒரு எழுத்தும்மா. ஏழையும் சேர்த்து அடிக்கிறது பாவம்"னு எழுந்து போயிட்டார். இதுக்கு நடுவுல எண்டர் பட்டன் காணாமப் போச்சு. பாப்பா முழுங்கிட்டாளோன்னு டாக்டருக்கு மூணு தடவை போன் பண்ணி, ரெண்டு நாள் ஒவ்வொரு டயப்பரையும் துழாவிப் பார்த்தா, கடைசியில அது உன் மாப்பிள்ளை சட்டைப் பையில இருக்கு. "தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா எடுத்து வெச்சேன்"கிறார் மனுஷன்.

அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்துச்சு. நானும் நாலு வருஷம் இதையேதானே படிச்சேன்? அவ தூங்கற முக்கால் முக்கால் மணி நேரத்துல உங்க எடிட்டரோட புரோகிராம் கோட் முழுசையும் படிச்சேன். பழைய ஃபைலை முதல்ல அழிச்சிட்டு அப்புறம் புதுசை எழுதறீங்க, நடுவுல அறை விழுந்தா ரெண்டும் காலி. புதுசை எழுதி முடிச்ச பிறகு பழசை அழிக்கிற மாதிரி பதினொரு வரி மாத்தி அனுப்பினேன். எட்டு நாளாச்சு, ஊம்னு ஒரு பதில் இல்ல. குழந்தைப் பூட்டுன்னு ஒரு புது வசதி வேணும்னு தனியா எழுதினேன் பாரு, அதுக்கு மட்டும் "இது எடிட்டரின் வேலை அல்ல"ன்னு பத்தே நிமிஷத்துல பதில்! சின்ன வயசுல என் பொம்மைத் தலையைத் திருகிட்டு, "எங்கிட்ட நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சொன்னவன்தானே நீ.

திங்கட்கிழமை நேர்காணல். "இந்த ஒரு வருஷமா என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்பாங்க. குழந்தை வளர்த்தேன்னா, அழகாத் தலையாட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. நாளைக்கு வரப்போற புதுப் பதிப்புல, பங்களித்தவர்கள் பட்டியல்ல என் பேர் இருந்தா எடுத்துக் காட்டுவேன். அந்த ஒரு வரி எனக்கு வேணும் அண்ணா. இல்லேன்னா சனிக்கிழமை பாப்பாவை உன் வீட்ல விட்டுட்டு வந்துடுவேன். பிழை உங்கிட்டயும் நல்லா வரும்.

நீண்ட ஆயுளும், கண்ணுக்கு நல்ல பார்வையும், கூடவே கொஞ்சம் புத்தியும் உனக்குக் கிடைக்கட்டும். பூனையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: அனுப்பப் போகும்போதுதான் உன் மெயிலைப் பார்க்கிறேன். சாயங்காலமே வந்திருக்கு. "உன் பிழையை 'ஞஞஞகுகுப்ப்' என்று யாரோ ஒருவர் சரிசெய்துவிட்டார். வெறும் பதினொரு வரி, அபாரம்! பதிப்பை ஒரு நாள் முன்பே வெளியிட்டுவிட்டோம், இனி பட்டியலில் கைவைக்க முடியாது. இவரைப் போன்றவர்களிடம் நீ கற்றுக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். ஓடிப்போய் என் கணினியில, கோட் அனுப்பறவங்க பேரும் மெயில் முகவரியும் கேட்கிற கட்டத்தைத் திறந்து பார்த்தேன். ரெண்டுலயும் பாப்பாவோட கைவரிசை, உங்க பதிலெல்லாம் எந்த முகவரிக்குப் போச்சோ! மேலே திட்டினதையெல்லாம் திரும்ப வாங்கிக்கறேன். திங்கட்கிழமை அந்தப் பேர்ல இருக்கிறது நான்தான்னு நிரூபிக்க பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். அங்க போய்க் கையைக் கட்டிக்கிட்டு உட்காராம இருந்தா சரி.