அத்தை இல்லாத வீடு

"வீடு அழகாத்தான் இருக்கு கிறிசான்டோ. ஆனா இதுல மனுஷன் குடியிருக்கான்னு நம்ப முடியலையே!"

ஹெட்போனுக்குள் எலூதெரியோ உச்சுக்கொட்டினார். பிலிப்பைன்ஸின் டாவோ நகரத்துப் பல் டாக்டர். மாலையானால், கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டும் கணினி விளையாட்டில் ஒரு குழுவுக்குத் தலைவர். ராஜாக்கள் காலத்து ஐரோப்பிய ஊர் ஒன்றை அந்தக் குழு எழுப்பிக்கொண்டிருந்தது. தலைவரும் சரி, இலோய்லோவிலிருந்த கிறிசான்டோவும் சரி, பனியைப் பார்த்தது ஃப்ரிட்ஜுக்குள்தான்.

"எங்க சமைக்கிறாங்க? புகை எந்த வழியாப் போகுது? ஏழு மணிக்கு மறுபடி வர்றேன். நம்பும்படி இருந்தா கோட்டைவாசல் மனை உனக்கு. இல்லேன்னா வேற ஆள் காத்திருக்கான்."

கிறிசான்டோவுக்கு அந்த மனை வேண்டும். கல்யாணமான நாள் முதல் மாமியார் பிலாரின் வீட்டில்தான் வாசம். ஆணி அடித்தால் கோணல் என்பாள். விளக்கு மாட்டினால் கண் கூசுகிறது என்பாள். அத்தையின் குரல் எட்டாத ஒரு வீடு, கணினிக்குள்ளாவது கிடைக்காதா என்று அவன் மனசு கிடந்து தவித்தது.

அவசர அவசரமாக அடுப்பும் புகைபோக்கியும் வைத்தான். அடுப்புத் தீ மரச்சுவரில் பற்றி, கூரைக்குத் தாவியது. அணைப்பதற்குள் பாதி வீடு போய்விட்டது. கீழே கல், மேலே மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சும் என்று மறுபடி எழுப்பினான்.

பின்னால் வெங்காய வாசனை வந்தது. பிலார் கையில் கத்தியோடு எட்டிப் பார்த்து, திரையிலிருந்த மாடிப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஓரோ, பிளாட்டா, மாட்டா... ஓரோ, பிளாட்டா, மாட்டா. ஐயையோ மாப்ளே! தங்கம், வெள்ளி, சாவுன்னு எண்ணிக்கிட்டே போனா கடைசிப் படி சாவுல வந்து நிக்குது. இந்த வீட்டுல எவன் கால் வைப்பான்?"

"அத்தே, இது ஐரோப்பா. அந்தக் காலத்துல அங்க யாரும் படி எண்ணல."

"அதான் ஒருத்தர்கூட மிஞ்சாம எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"ஒரு படிதானேங்க, சேர்த்துடுங்களேன்!" என்று சமையலறையிலிருந்து மனைவி மேரிவிக் கத்தினாள். "இல்லேன்னா சாப்பாட்டுலயும் இதே பேச்சுதான்."

சேர்த்தான். மாடி உயர்ந்தது. மாடி உயர்ந்ததால் கூரையும் உயர்ந்தது. புகைபோக்கி கூரைக்கு உள்ளேயே நின்றுவிட்டது. அதை நகர்த்த அடுப்பை நகர்த்தினான். அடுப்பு வாசலை அடைத்தது. வாசலைப் பக்கவாட்டுச் சுவரில் வைத்தான். அந்தப் பக்கம் பன்றிக் கொட்டில். கதவைத் திறந்ததுதான் தாமதம், பன்றிகள் குடும்பத்தோடு உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டன.

"என்னங்க, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு! வந்து தூக்குங்க!"

மணி ஏழாகப் போகிறது. வேறு வழியில்லை. மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டான்.

"அத்தே, யாராவது வந்தா, இதோ வந்துடுவார்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். புண்ணியமாப் போகும்."

"நான் எங்க மாப்ளே பேசப் போறேன்!" என்றாள் பிலார்.

சிலிண்டரை வைத்துவிட்டு ஓடி வந்தபோது, ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. பிலார் மறுபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பன்றியைக்கூடக் காணோம். வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. உள்ளே வெறுங்காலோடு எலூதெரியோவின் பொம்மை உருவம் நின்றிருந்தது. கிறிசான்டோ ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"டாக்டர், மன்னிச்சிடுங்க! அந்தப் பன்னிங்க..."

"நான்தான் விரட்டினேன். அந்தம்மா விரட்டச் சொன்னாங்களே! அதுக்கு முன்னாடி, பூட்ஸோட உள்ள வந்துட்டேன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அடுப்பை எவன் இப்படி வெச்சான்னு என்கிட்டயே சண்டை. அப்புறம், சாப்பிட்டியாப்பான்னு கேட்டாங்க."

கிறிசான்டோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். போச்சு, மனை போச்சு.

"இத்தனை வீட்டைப் பார்த்துட்டேன் தம்பி. உள்ள ஆள் குடியிருக்குன்னு நான் முழுசா நம்பினது இந்த ஒரு வீட்டைத்தான். மனை உனக்கே!"

கிறிசான்டோவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அவனுக்கென்று ஒரு வீடு!

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் டாக்டர். "அந்தம்மா அங்கேயே குடியிருக்கணும்."