சாயங்காலம் அழும் கரடிக்குட்டி

"ஏம்ப்பா கரடிக்குட்டி அழுவுது?"

ஆனந்தராஜ் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அதுவரை கதை நன்றாகத்தான் போனது. முதல் பக்கத்தில் கரடிக்குட்டி பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகளோடு சிரித்தது. அடுத்ததில் ஊஞ்சல் ஆடியது. அதற்கடுத்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போது கேட்டருகே அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது.

பக்கத்து வீட்டு அமானுல்லா ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது கொடுத்த புத்தகம்.

"புள்ளைங்க பயப்படாம ஸ்கூலுக்குப் போவறதுக்குன்னே போட்டது மச்சான். எங்க ரயீஸுக்கு ஒண்ணு, வேல்விழிக்கு ஒண்ணு. எழுத்து புரியலன்னா என்னா, படத்தப் பாத்துச் சொல்லு."

முன்னட்டையில் விலையும் கறுப்புக் கோடுகளும் மட்டும் இருந்தன. கரடி பின்னட்டையில் இருந்தது. அந்த ஊரில் அப்படித்தான் போடுவார்கள் போல என்று ஆனந்தராஜ் நினைத்துக்கொண்டார்.

வேல்விழி போன வருஷம் பால்வாடியில் உட்காரவில்லை. விட்டுவிட்டுத் திரும்பினால் பின்னாலேயே ஓடி வந்தாள். பீங்கான் கம்பெனியில் ஆனந்தராஜுக்குச் சூளையில் வேலை. மனைவி சிவசங்கரி அங்கேயே பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டினாள். ஒன்றாம் வகுப்பிலும் பிள்ளை உட்காராவிட்டால் அவள் வேலையை விட வேண்டும். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும்.

"சொல்லுப்பா. டீச்சர் அடிச்சிட்டாங்களா?"

"சேச்சே. ஸ்கூலு வுட்டுடுச்சு. வூட்டுக்குப் போவணுமேன்னு அழுவுது."

வேல்விழி படத்தை உற்றுப் பார்த்தாள். "வூடு அவ்ளோ மோசமா?"

"வூடு மோசமில்ல. ஸ்கூலு அவ்ளோ ஜோரு."

சமாளித்துவிட்ட திருப்தியில் பக்கத்தைத் திருப்பினார். வீட்டில் அம்மா குட்டியின் பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குட்டி அப்போதும் அழுதது. கடைசிப் பக்கத்தில் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"ஜொரமாப்பா?"

"இல்ல கண்ணு. ஞாயித்துக்கெழம. ஸ்கூலு லீவு. அந்த வருத்தம்."

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வேல்விழி போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

"ஏங்க, புள்ளைக்கு என்னா?" என்றாள் சிவசங்கரி.

"லீவு."

"அதுக்கு?"

"வருத்தமாம்."

சிவசங்கரி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "இட்லி ஆறுது. வருத்தத்த முடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை வேல்விழி கேட்டுக்குள் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. டாட்டா காட்டத் தூக்கிய கையால் ஆனந்தராஜ் தலையைச் சொறிந்துகொண்டார்.

சாயங்காலம் பெல் அடித்தது. வேல்விழி வந்தாள். கேட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"வா கண்ணு, போவலாம்."

"நான் வூட்டுக்கு வரல."

"முட்டாய் வாங்கித் தரேன்."

அழுகை கூடியது. தூக்கப் பார்த்தார்.

"டீச்சர், என்ன வூட்டுக்கு அனுப்பாதீங்க."

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். டீச்சர் வந்தார்.

"காலையில அத்தன புள்ளைங்களும் அழுதுச்சுங்க. இவ ஒருத்திதான் அழுவல. ஒவ்வொண்ணு கிட்டயும் போயி, 'இப்ப அழுவக் கூடாது, சாயந்தரந்தான் அழுவணும்'னு சொல்லிக்கிட்டு இருந்தா. இப்பல்ல புரியுது. ஏங்க, வூட்டுல புள்ளய என்னா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கததான் சொன்னேன்."

"கத சொன்னதுக்கா இந்த அழுவ?"

ஆனந்தராஜ் வேல்விழியின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். சிரித்த குட்டியிலிருந்து போர்வைக்குள் படுத்த குட்டி வரை பக்கம் பக்கமாகக் காட்டினார். பஸ்ஸை விட்ட பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா சிரிச்சிக்கிட்டு இருந்த குட்டிய அழ வச்சிப் படுக்கப் போட்டிருக்கான்," என்றார் டீச்சர். "இதப் போயி யாராச்சும் புள்ளைக்குச் சொல்லுவாங்களா?"

ரயீஸைக் கூட்டிப்போக வந்திருந்த அமானுல்லாவின் மனைவி தாஜ் நிஷா புத்தகத்தை வாங்கினாள். கரடி போட்ட பின்னட்டை மேலே வரும்படி திருப்பி வைத்தாள்.

"அண்ணே, இது அரபி. இந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும். குட்டி மொதல்ல அழுவும், கடைசியிலதான் சிரிக்கும். அப்படிச் சரியாப் படிச்சிட்டு வந்த எங்க ரயீஸுக்குத்தான் காலையில வேல்விழி கண்ணத் தொடச்சி வுட்டா."