வானத்துக் குப்பை பார்க்கும் மாப்பிள்ளை

காங்கேயம் மச்சான் அப்புசாமி அவர்களுக்குத் திருப்பூர் நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்கா கோமளாவும் சுகம். உங்கள் எண்ணெய் மில்லும் குழந்தைகளும் சுகம்தானே?

என் மகள் அனுப்பிரியாவுக்கு நீங்கள் கொண்டுவந்த வரன் கவியரசு விஷயம். போனில் பேசினால் உங்கள் அக்கா பிடுங்கிக்கொள்வாள், ஆகவே கடிதம். ஜாதகம் பொருந்துகிறது, வேலைதான் உதைக்கிறது. ரேடார் வைத்து, வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளையும் உடைந்த ராக்கெட் துண்டுகளையும் பார்க்கும் தனியார் கம்பெனியாம். ‘உங்கள் சாட்டிலைட்டில் ஒரு துண்டு மோத வருகிறது’ என்று முன்கூட்டியே சொல்வார்களாம், சாட்டிலைட்காரர்கள் அதை விலக்கிக்கொள்வார்களாம், அதற்குச் சந்தாவாம். விலகிவிட்டால் மோதாது. மோதாவிட்டால், வந்தது நிஜமா பொய்யா என்று யார் கண்டது? இப்படி ஒரு தொழில் இருக்கும்போது நான் பனியன் தைத்துக்கொண்டும் நீங்கள் எண்ணெய் ஆட்டிக்கொண்டும் ஏன் மச்சான் கிடக்கிறோம்?

பையன் வேலை செய்யும் இடத்து டீக்கடையில் விசாரிப்பதுதானே நம் வழக்கம்? மூலனூர் தாண்டி அந்த ரேடார் இருக்கும் இடத்துக்கே போனேன். பொட்டல் காடு, டீக்கடையே இல்லை. டீக்கடை இல்லாத ஆபீஸை எப்படி நம்புவது? கம்பிவேலி ஓரமாக எட்டிப் பார்த்தபோது வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். விசாரிக்க வந்தது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதே என்று, “பனியன் வேஸ்ட்டு வாங்க வந்தனுங்க” என்றேன். “இங்கெங்கீங்க பனியன் வேஸ்ட்டு?” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். உள்ளே உட்கார்ந்திருந்தது சாட்சாத் கவியரசு. போட்டோவில் பார்த்திருப்பான் போல, “வாங்க மாமா, உக்காருங்க” என்று மோர் கொடுத்தான். வேலியோரம் பிடிபட்ட ஆளுக்கு யாராவது மோர் கொடுப்பார்களா? எனக்கு அங்கேயே இடித்தது. “ஏங்கண்ணு, புடிச்ச குப்பையில ஒரு சாம்பிள் காட்டு பாக்கலாம்” என்றேன். “புடிக்கறதில்லீங்க மாமா, பாக்கறதோட சரிங்க” என்று திரையில் நாலு புள்ளிகளைக் காட்டினான். நம் பனியன் கம்பெனி செக்கிங்கில் டேமேஜ் பீஸைப் பார்த்தால் எடுத்து ஓரமாக வைப்போம். இவன் பார்த்துவிட்டுப் போக விடுகிறானாம்!

மச்சான், எனக்கு இருப்பது ஒரே பெண். புள்ளியை நம்பி அவளைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. அவர்கள் மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மில் நிற்காமல் ஓடவும், குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கவும் சிவன்மலை முருகனை வேண்டிக்கொள்ளும்,
நாச்சிமுத்து

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில், கோயமுத்தூரில் வேலை பார்க்கும் அனுப்பிரியா வந்து இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். “நான் வேலை பாக்கறதும் அதே கம்பெனியோட கோயமுத்தூர் ஆபீஸ்தானுங்கப்பா. அவரு எனக்குக் கீழதான் இருக்கறாரு” என்கிறாள்! சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்று தினமும் கேட்ட நான், என்ன வேலை என்று ஒரு நாளும் கேட்கவில்லையாம். வெட்கமாகப் போய்விட்டது. அவள் சொல்லித்தான் நீங்களும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜாதகத்தோடு வந்தீர்களாம். இருக்கட்டும், நிச்சயத்துக்கு நாள் பாருங்கள். ஒரு விசாரணை மட்டும் பாக்கி. பையன் மனசாரச் சம்மதித்தானா, மேலதிகாரி என்று பயந்து சம்மதித்தானா? நீங்களே போய்த் தனியாகக் கேளுங்கள். பாவம், அவனும் யாரோ பெற்ற பிள்ளை.