மஞ்சள் நிற்காத காகிதம்

“சாச்சி, முழுக்க ஓட்டை எண்டா அதுக்குள்ள என்னதான் நிக்கும்?” என்று பஸ்னா ஒருநாள் கேட்டாள்.

அக்காவின் மகளுக்கு ஸாதியா அன்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்: “மணம் நிக்கும், மகள்.”

இன்று சிரிப்பு வரவில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவள் உருவாக்கியிருந்தது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஒரு பொருள். அதை மையாக்கி, சாதாரண பிறிண்டரில் ஊற்றி, காகிதத்தில் மெல்லிய படலமாக அச்சிடுவாள். படலம் மஞ்சளாக இருக்கும். பழுதான மீனின் ஆவி துளைகளுக்குள் புகுந்தால் நீலமாகும். ஓட்டமாவடிச் சந்தையில் மீன் வாங்குகிறவர் ஏமாறாதிருக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்.

ஆனால் காலையில் அச்சிட்ட துண்டுகள் எல்லாம், மீனைக் காணாமலே நீலமாகிக்கொண்டிருந்தன. கொழும்பிலிருந்து பேராசிரியர் வந்துகொண்டிருந்தார். அவர் தலையாட்டாவிட்டால் ஆய்வு நிற்கும். ஸாதியாவின் வேலையும் போகும்.

“மை பிழைச்சிட்டு,” என்றார் ஆய்வுகூட உத்தியோகத்தர் றவூப்.

புது மை கலக்கினாள். பிறிண்டரின் வாய் அடைத்துக்கொண்டது. ஸ்பிரிட் விட்டுக் கழுவினாள். அடைப்பு எடுபட்டு, மை அவளுடைய பெருநாள் உடுப்பில் பாய்ந்தது. அச்சிட்ட துண்டோ மறுபடியும் நீலம்.

“வாவிக் காத்துதான் காரணம். கரையெல்லாம் மீன்குடல். ஜன்னலச் சாத்து.”

சாத்தினாள். நீலம் இன்னும் வேகமாக ஏறியது.

“ஃபேனையும் நிப்பாட்டு.”

நிறுத்தினாள். வியர்வை ஒழுகியது, நீலம் கறுத்தது.

“றவூப் காக்கா, இனி ஒரு யோசனையும் செல்லாதீங்க!”

“நல்லதுக்குத்தானே செல்றன், தங்கச்சி. உனக்கு நோன்போட பொறுமையும் முடிஞ்சிட்டு போல.”

அவள் மறுபடியும் மையைக் கலக்கினாள். பெருநாள் கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

கடைசியாக ஒரு துண்டு பளிச்சென்ற மஞ்சளில் வந்தது. இதையாவது காற்றுப் படாமல் காப்போம் என்று, பிறிண்டருக்குக் கீழிருந்த அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பேராசிரியர் முன்னால் திறந்தபோது அது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

பேராசிரியர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். “இங்க மீன் இருக்கா?”

“இல்ல, சேர்.”

“அப்ப உங்கட காகிதம் பொய் சொல்லுது. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். அதுக்குள்ள ஒரு மஞ்சளக் காட்டுங்க. இல்லாட்டி இதோட விட்டிருவம்.”

றவூப் அவரை அழைத்துக்கொண்டு போனார். ஸாதியா கதிரையில் சாய்ந்து, “யா அல்லாஹ்” என்று கண்ணை மூடினாள்.

கூட்டித் துடைக்கும் புஸ்பம் வெகுநேரமாக ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள். இப்போது வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

“மிஸ், ஏசிப்போடாதீங்க. நோன்பு நாளையில நீங்க ஆருக்கும் தெரியாம என்ட பைக்குள்ள கஞ்சிப் போத்தல் வெச்சீங்கதானே, அதுக்கு நானும் ஆருக்கும் தெரியாமத்தான்... அலுமாரிக்கு அடித்தட்டில, உங்கட வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால, உங்களுக்கெண்டு கதிரவெளிக் கருவாடு இரிக்கு, மிஸ். மூக்குள்ள மனிசர் ஒருத்தருக்கும் மணக்காம ஏழு பையிக்குள்ள கட்டி வெச்சன்!”